கோலா, கனசதுரமா? தங்கத்துக்கு அடியில் இருப்பது ஏன் முக்கியம்

அறிவியல் நாள் செயல்திட்டங்களை ஒப்படைக்கும் தேதி நெருங்குகிறது. மாணவர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: பென்சைல் ஆல்ககாலை பென்சால்டிஹைடாக மாற்றுவது தங்க நானோ துகள்தானே, அதைத் தாங்கும் சீரியம் ஆக்சைடு (சீரியா) கோலாக இருந்தால் என்ன, கனசதுரமாக இருந்தால் என்ன?

ஆல்ககாலின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு தங்கத்தின் மேல் அறுபடுகிறது. ஹைட்ரஜன் தங்கத்தில் தங்கிவிடுகிறது. அதை நீராக்கி அகற்ற ஆக்சிஜன் வேண்டும். தங்கமோ ஆக்சிஜனை எளிதில் பிடிக்காது. அந்த வேலையைச் சீரியா செய்கிறது. சீரியம் +4, +3 என்ற இரு ஆக்சிஜனேற்ற நிலைகளிலும் இருக்கக்கூடியது. அதனால் சீரியா தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, காலியான இடத்தைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்ளும். படிகத்தின் எந்த முகம் வெளியே இருக்கிறதோ, அதைப் பொறுத்தது ஆக்சிஜனைக் கொடுக்கும் சுலபம். முகங்களை 110, 111, 100 என்ற எண்களால் குறிப்பார்கள். கணக்கீடுகளின்படி 110 முகத்தில் மிக எளிது, 111 முகத்தில் மிகக் கடினம், 100 இடையில். எந்த வடிவத்தில் எந்த முகம் வெளியே இருக்கும்? எண்முகிக்கு 111, கனசதுரத்துக்கு 100, கோலுக்கு 110-உம் 100-உம் என்பது வழக்கமான விடை. ஒரே சீரியம் நைட்ரேட்டை அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடில் 100 டிகிரியில் வைத்தால் கோல், 180 டிகிரியில் வைத்தால் கனசதுரம். அழகான வேதியியல் இது.

ஆனால் "கோல் வடிவமே சிறந்தது" என்ற அறிவிப்புகளை அப்படியே நம்ப என்னால் முடியவில்லை. கோலின் பரப்பளவு பெரும்பாலும் கனசதுரத்தைவிட அதிகம். அதில் அமரும் தங்கத் துகளின் அளவும் வேறாக இருக்கலாம். அப்படியிருக்க, கூடிய வேகத்தை வடிவத்தின் கணக்கில் எழுதுவது எப்படி? நுண்ணோக்கிப் படங்கள் சில கோல்களில் 111 முகமே மிகுதி என்றும் காட்டியிருக்கின்றன. இன்னொன்று: தங்க வினையூக்கிகளில் பல நேரம் வேகத்தைத் தீர்மானிப்பது கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு அறுபடும் படி. ஆக்சிஜன் தரும் படி முன்பே விரைவாக இருந்தால், அதை இன்னும் விரைவாக்கிப் பயனில்லை. எனவே "90 சதவீதம் மாறியது" என்ற எண்ணை மட்டும் எழுதாதீர்கள். தொடக்க வேகத்தை, வெளியே தெரியும் தங்க அணு ஒன்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

"பசுமை வினை" என்பது உண்மையா? குரோமியம்(VI) சேர்மங்களுக்குப் பதிலாக ஆக்சிஜன், துணைவிளைபொருள் நீர் என்ற அளவில் உண்மை. கரைப்பானையும் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்காதவரை முழு உண்மையல்ல.

தங்கம் மட்டும்தானா? இல்லை, 2006-இல் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) மேல் தங்கம்–பல்லேடியம் கலவையைக் கொண்டு கரைப்பானே இல்லாமல் செய்தது.

மறுபடி பயன்படுத்தலாமா? வடிகட்டி எடுக்கலாம், தங்கத் துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருத்தால் வேகம் குறையும்.