ஊசித்துளையும் ஒரு வாசல்

துணிக்கடையில் 'வாட்டர்புரூஃப் துணி இருக்கிறதா?' என்று கேட்டால், கடைக்காரர் ஒரு சுருளை விரித்து, அதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துக் காட்டுவார். சொட்டுகள் முத்துமுத்தாக உருண்டோடும். நாமும் நம்பி இரண்டு மீட்டர் வெட்டச் சொல்வோம். வீட்டுக்கு வந்து ஜிப் வைத்துப் பை தைத்து, முதல் மழையில் எடுத்துக்கொண்டு போனால், உள்ளே வைத்த நோட்டின் ஓரம் நனைந்திருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. துணியும் மோசமானதல்ல. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும் என்பதை யாரும் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. மளிகைக்கும் காய்கறிக்கும் பருத்திப் பை தாராளமாகப் போதும். ஆனால் நீச்சல் முடித்த பிள்ளையின் ஈர உடை, கைக்குழந்தையின் நனைந்த துணி, வடகிழக்குப் பருவமழையில் இருசக்கர வாகனத்தில் போகும் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு மஞ்சப்பை உதவாது. அங்கேதான் வீட்டில் தைக்கும் ஜிப் பைக்கு வேலை இருக்கிறது. அதற்கான துணியைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் இயற்பியல் தெரிந்திருந்தால் காசும் உழைப்பும் வீணாகாது.

உருளும் சொட்டு, அழுத்தும் நீர்

தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு. அதனால்தான் சொட்டு உருண்டையாக நிற்க முயல்கிறது. துணியின் இழைக்குத் தண்ணீரைப் பிடித்தால் சொட்டு பரவி இழைகளுக்கு இடையே ஏறிவிடும். பருத்தியில் நடப்பது இது. பிடிக்காவிட்டால் சொட்டு எழும்பி நிற்கும். சொட்டின் விளிம்பு துணியோடு சேரும் கோணத்தைச் சேர்கோணம் என்பார்கள். அது 90 பாகைக்கு மேல் போனால் அந்தப் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். தாமரை இலையில் இந்தக் கோணம் 150 பாகையையும் தாண்டும். மெழுகுப் பூச்சும் அதன் அடியில் இருக்கும் நுண்மேடுகளும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1990களில் விரிவாக விளக்கினார்.

கடைக்காரர் காட்டியது இந்த விலக்கும் குணத்தை மட்டுமே. நீர் தானாக உருண்டோட இடம் இருக்கும்வரை அது போதும். நீரை யாராவது அழுத்தினால் கதை மாறுகிறது. நீரை விலக்கும் ஒரு துளைக்குள் தண்ணீரைத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது துளையின் அகலத்தைப் பொறுத்தது: துளை சிறுக்கச் சிறுக்க அதிக அழுத்தம் தேவைப்படும். சேர்கோணம் 120 பாகை என்று வைத்துக் கணக்கிட்டால், 0.01 மி.மீ. ஆரமுள்ள துளை சுமார் 73 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும். ஆரம் 0.1 மி.மீ. என்றால் 7 செ.மீ. மட்டுமே தாங்கும்.

இதையே தொழிற்சாலைகள் வேறு விதமாக அளக்கின்றன. துணியின் மேல் நீர்த்தம்பத்தை உயர்த்திக்கொண்டே போய், மறுபுறம் கசியத் தொடங்கும் உயரத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறார்கள். ரெயின்கோட், கூடாரம் ஆகியவற்றின் சீட்டில் 1,500, 3,000, 10,000 என்று எழுதியிருப்பது இந்த அளவுதான்.

பைக்கு அவ்வளவு தேவையா? 5 கிலோ எடையுள்ள பையை ஈரத் தரையில் வைக்கிறோம். எடை 500 சதுர செ.மீ. பரப்பில் பரவினால் அழுத்தம் 100 மி.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம். அதே பை சாய்ந்து, 25 சதுர செ.மீ. உள்ள ஒரு மூலையில் நின்றால் 2,000 மி.மீ. ஆகிவிடுகிறது. அடிமூலைகள் முதலில் நனைவதற்கு இதுவே காரணம்.

200 ஆண்டுகளுக்கு முந்தைய பாடம்

கிளாஸ்கோ நகர வேதியியலாளர் சார்லஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். துணி நீரைத் தடுத்தது. ஆனால் தையற்காரர்கள் அதில் கோட்டு தைத்தபோது, ஊசி குத்திய இடமெல்லாம் மழை இறங்கியது. வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போகும் ரப்பரின் குறை, கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையால் 1840களில் தீர்ந்தது. ஊசித்துளையின் குறை இன்றைக்கும் நம் தையல் மெஷினின் கீழ் அப்படியே இருக்கிறது.

14ஆம் எண் ஊசியின் பொட்டலத்தில் 90/14 என்று இருக்கும். 90 என்பது ஊசித் தண்டின் விட்டம் 0.9 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. முன்பு போட்ட கணக்கை இந்தத் துளைக்குப் போட்டால், அது தாங்கும் நீர்த்தம்பம் சுமார் 16 மி.மீ. மட்டுமே. நூல் துளையை ஓரளவு அடைக்கும், உண்மைதான். ஆனாலும் 3,000 மி.மீ. தாங்கும் துணியை வாங்கி, அதில் 16 மி.மீ. தாங்கும் வாசல்களை நாமே வரிசையாகத் திறக்கிறோம். 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள எளிய பையில், இரண்டு பக்கத் தையலும் ஜிப்பின் இரு ஓரத் தையலும் சேர்ந்தால் 140 செ.மீ. வரும். 3 மி.மீ.க்கு ஒரு குத்து என்றால் 460க்கு மேற்பட்ட துளைகள். துணியைத் தேர்ந்தெடுக்கும்போதே தையலையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எந்தப் பைக்கு எந்தத் துணி

*மெழுகு ஏற்றிய கான்வாஸ்:* கெட்டியான பருத்தி கான்வாஸில் தேன்மெழுகும் பாரஃபினும் உருக்கித் தேய்த்து, மிதமான சூட்டில் உள்ளிறங்கச் செய்தது. தூறலுக்கும் சிறு மழைக்கும் ஏற்றது. ஊசித்துளை விழுந்தாலும் மேலே மீண்டும் மெழுகு தேய்த்து அடைத்துவிடலாம்; மற்றத் துணிகளில் இது இவ்வளவு எளிதல்ல. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மெழுகு இளகி, உள்ளே இருப்பவற்றில் ஒட்டும். சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்தால் போய்விடும்.

*பாலியூரித்தேன் பூசிய நைலான், பாலியஸ்டர்:* பாராசூட் துணி என்று கடைகளில் சொல்வதும், பள்ளிப் பைகளின் தடித்த துணியும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இதில் 210டி, 420டி, 600டி என்று சொல்லும் 'டி' டெனியரைக் குறிக்கும். 9,000 மீட்டர் நூலின் கிராம் எடையே டெனியர். எண் கூடினால் நூல் தடிக்கும், உராய்வைத் தாங்கும். நீரைத் தடுப்பது டெனியர் அல்ல, பின்புறப் பூச்சுதான். 600டி துணி பூச்சில்லாமல் இருந்தால் நீர் தாராளமாகப் புகும். மெல்லிய 210டி துணி நல்ல பூச்சோடு இருந்தால் புகாது. பூச்சுப் பக்கம் பையின் உட்புறமாக வர வேண்டும். வெளியே இருந்தால் உரசி உரசித் தேயும்.

இந்தப் பூச்சில் ஒரு பலவீனம் உண்டு. பாலியூரித்தேனில் சில வகைகள் ஈரமும் சூடும் சேர்ந்தால் நீரோடு வினைபுரிந்து சிதைகின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் மடித்து வைத்த பை ஒருநாள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, பூச்சு உரிந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் பையின் ஆயுள் நீளும்.

*பி.யு.எல்.:* பாலியஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலத்தைச் சூட்டில் ஒட்டியது. துவைத்துப் பயன்படுத்தும் குழந்தை டயப்பரின் வெளித்துணி இதுதான். மென்மையானது, சற்று இழுபடும், பலமுறை துவைக்கலாம். ஈரத்தை உள்ளேயே அடக்கி வைக்க வேண்டிய பைக்கு, அதாவது நீச்சல் உடைக்கும் குழந்தைத் துணிக்கும், இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். படலம் உட்புறமாக வரட்டும், துடைப்பது எளிது.

*ரெக்சின், ஃபிளெக்ஸ்:* இரண்டும் துணியின் மேல் பி.வி.சி. ஏற்றியவை. விலை குறைவு, நீர் துளியும் ஊடுருவாது. கருவிகள் வைக்கும் பைக்கும், வண்டியின் சீட்டுக்கு அடியில் வைக்கும் பைக்கும் நல்லது. பி.வி.சி.யை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் பொருட்கள் காலப்போக்கில் மெல்ல வெளியேறும். அவற்றில் தாலேட் வகையைச் சேர்ந்த சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே பழைய ஃபிளெக்ஸ் பேனரில் தைத்த பையில் சப்பாத்தியையோ நறுக்கிய பழத்தையோ நேரடியாக வைக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் பையையும் அதில் தைக்காதீர்கள். உணவுக்கென்றால், உள்ளே எவர்சில்வர் டப்பா இருக்கட்டும். பை வெளியுறையாக மட்டும் இருக்கட்டும்.

நீர் உருளும்படி மேற்பரப்பில் ஃபுளூரின் சேர்மங்களைத் தெளிக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் குடும்பத்தின் இரண்டு சேர்மங்களான பி.எஃப்.ஓ.எஸ். (PFOS), பி.எஃப்.ஓ.ஏ. (PFOA) ஆகியவை இயற்கையில் எளிதில் சிதையாதவை. இப்படிச் சிதையாத வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, அவற்றை முறையே 2009லும் 2019லும் தன் பட்டியலில் சேர்த்தது. பூச்சோ படலமோ உள்ள துணியால் தைத்த பைக்கு இந்தத் தெளிப்பு அவசியமே இல்லை. ஃபுளூரின் இல்லாத துணி கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

தைக்கும்போது

பூச்சுத் துணியில் விழுந்த துளை மறையாது. அதனால் குண்டூசி வேண்டாம். துணி கிளிப் போதும். தவறித் தைத்துப் பிரித்தால் இரட்டைத் துளை வரிசை மிஞ்சும், ஆகவே முதலில் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். துணி அனுமதிக்கும் அளவுக்கு மெல்லிய, புதிய ஊசி போடுங்கள். தையல் நீளத்தை 3.5 முதல் 4 மி.மீ. வரை வைத்தால் துளைகள் குறையும். நெருக்கமாகத் தைத்தால் துணி அஞ்சல்தலைத் தாள் கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியவும் கூடும். பூச்சு மெஷினின் ஃபுட்டில் ஒட்டி இழுத்தால் டெஃப்லான் ஃபுட் மாட்டலாம், அல்லது மெல்லிய தாளை மேலே வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுக்கலாம். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கடத்தும், நாளடைவில் மக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் வெட்டும்போதே கிடைக்கிறது. அடிப்பகுதியில் தையல் வராதபடி, முன்னும் பின்னும் ஒரே துணியாக மடித்து வெட்டுங்கள். அதிக அழுத்தம் விழும் இடத்தில் துளையே இருக்காது. மிச்சமிருக்கும் தையல்களின் உட்புறத்தில் தையல் அடைக்கும் டேப்பை மிதமான சூட்டில் ஒட்டலாம், அல்லது பாலியூரித்தேன் பசை தடவலாம். சிலிக்கோன் பூசிய நைலானாக இருந்தால் சிலிக்கோன் பசை மட்டுமே பிடிக்கும்.

ஜிப் என்னும் நீண்ட இடைவெளி

ஜிப்பின் இன்றைய வடிவத்தை கிடியன் சுண்ட்பேக் 1913இல் உருவாக்கினார். பற்கள் கோத்துக்கொள்ளும் அதன் அமைப்பில் இடைவெளி இருந்தே தீரும். நாடாவின் மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டி, பற்களை உட்புறமாகத் திருப்பிய சுருள் (காயில்) ஜிப் மழையை நன்றாகத் தடுக்கும். அதிலும் ரன்னர் வந்து நிற்கும் முனையில் சிறு திறப்பு இருக்கும். அந்த முனையைத் துணியால் மூடித் தைக்க வேண்டும். சாதாரண ஐந்தாம் எண் ஜிப்தான் கிடைக்கிறது என்றால், அதன் மேல் 3 செ.மீ. அகல மடிப்பு ஒன்றை மூடிபோல் விட்டால் தூறலும் சாரலும் உள்ளே வராது. பையின் உச்சியில் ஜிப் வைப்பதைவிட, முன்பக்கத்தில் சற்றுக் கீழே மடிப்பின் நிழலில் வைப்பது மேல்.

வாங்கும் முன் சோதனை

கால் மீட்டர் மாதிரித் துணி வாங்கி வாருங்கள். அதை ஒரு உயரமான கண்ணாடிக் குவளைக்குள் குழியாக இறக்கி, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் டிஷ்யூ தாள் வைத்து இரவு முழுதும் விடுங்கள். பிறகு அதே துணியை நன்றாகக் கசக்கி, மடித்துத் தேய்த்து, மறுபடி சோதியுங்கள். பூச்சின் தரம் இரண்டாவது சோதனையில்தான் தெரியும். மூன்றாவதாக, நடுவில் ஒரு தையல் போட்டுவிட்டுச் செய்து பாருங்கள். எரித்துப் பார்த்து இழையைக் கண்டுபிடிக்கும் பழைய முறை இங்கே வேண்டாம், பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும்.

இன்னொன்றும் உண்டு. வெளிநீரைத் தடுக்கும் பை உள்நீரையும் வெளியே விடாது. ஈர உடையை இரண்டு நாள் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் திறந்து, அலசி, நிழலில் காயப்போடும் பழக்கம் வேண்டும்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் வீடுகளிலும் இருந்து பை தைத்து விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேப் ஒட்டாத பையில் 'வாட்டர்புரூஃப்' என்று சீட்டு ஒட்டாதீர்கள். 'தூறல் தாங்கும்' என்றோ, 'பெருமழை தாங்கும். தண்ணீரில் மூழ்கக் கூடாது' என்றோ பையின் உண்மையான திறனை எழுதுங்கள். நம்பி வாங்குபவர் அதற்குள் வைக்கப்போவது ஒருவேளை தன் வீட்டுப் பத்திரமாக இருக்கலாம்.