குளோர்-காரத் தொழிலில் பாதரச ஒழிப்பு

குளோர்-காரத் தொழில் என்பது உப்புக் கரைசலை மின்பகுப்புச் செய்து எரிசோடா, குளோரின், ஐதரசன் ஆகியவற்றைப் பெறும் பெருந்தொழில் ஆகும். காகிதம், சோப்பு, பிவிசி முதலியவற்றின் உற்பத்தி இதனைச் சார்ந்துள்ளது. மிகுந்த மின்செலவும் பாதரச மாசும் இத்தொழிலின் இரு பெரும் சிக்கல்களாக இருந்தன. முதலாவதைத் தீர்க்க இலாபமே போதிய தூண்டுதலாக இருந்தது. இரண்டாவதற்கு அரசின் கெடு தேவைப்பட்டது.

நேர்மின்வாய் மாற்றம்

பழைய கலங்களில் கிராபைட்டு நேர்மின்வாய்கள் பயன்பட்டன. இவை நாளடைவில் தேய்வதால் மின்வாய்களுக்கு இடையேயான தொலைவு கூடி, மின்சாரம் வீணாகும். தைட்டானியத்தின் மீது ருத்தேனியம் ஆக்சைடு பூசிய, தேயாத மின்வாய் 1960களில் ஐரோப்பாவில் உருவானது. இந்தியாவில் இவ்வகை மின்வாய்க்கான தொழில்நுட்பத்தைக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) உருவாக்கியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால் அமைந்த இந்நிறுவனத்திற்கு 1948 சூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 சனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

மின்கட்டணம் குறைந்ததால் ஆலைகள் புதிய மின்வாயை விரும்பி ஏற்றன. ஆயினும் எதிர்மின்வாயாகப் பாதரசமே நீடித்தது.

சவ்வுக் கலம்

பாதரசக் கலத்தில் சோடியம் பாதரசத்துடன் இரசக்கலவையாகி, பின்னர் நீருடன் வினைபுரிந்து எரிசோடாவைத் தருகிறது. இதில் ஒரு பகுதி பாதரசம் கழிவுநீரிலும் காற்றிலும் கலக்கிறது. சவ்வுக் கலத்தில் பாதரசம் இல்லை. சோடியம் அயனிகளை மட்டும் கடத்தும் பலபடிச் சவ்வு இரு மின்வாய்களையும் பிரிக்கிறது. இதற்கு மின்சாரமும் குறைவு. ஆனால் இதில் கிடைக்கும் எரிசோடா ஏறத்தாழ 32 விழுக்காடே என்பதால், 50 விழுக்காட்டுக்கு உயர்த்த நீராவி தேவை. கலங்களை மாற்றுவதற்குப் பெரும் முதலீடும் வேண்டும்.

அரசின் பங்கு

மினமாட்டா நோய்க்குக் காரணம் வேறு வகைத் தொழிற்சாலை எனினும், அதன் தாக்கத்தால் சப்பானிய அரசு 1973 இல் பாதரசக் கலங்களைக் கைவிட முடிவு செய்தது. 1975 இல் அங்கேயே சவ்வுக் கலம் வணிக அளவில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் 2003 இல் வெளியான 'சுற்றுச்சூழல் பாதுகாப்பில் பெருநிறுவனப் பொறுப்பு' சாசனம், 2012க்குள் சவ்வுக் கலத்துக்கு மாற வேண்டும் என்றது. 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, இத்தொழிலில் பாதரசப் பயன்பாட்டை நிறுத்த 2025 ஐ எல்லையாக வைத்தது. இந்தியா 2018 இல் இதனை உறுதிசெய்தது.

கலம் மாறியபின்னும் பழைய ஆலை வளாகங்களின் மண்ணில் தங்கிய பாதரசம் அழிவதில்லை. அதனை அகற்றுவது இத்தொழிலில் எஞ்சியுள்ள பொறுப்பாகும்.