தீம் பார்க்கில் ஐந்து பேருக்குச் சாப்பாடு: கணக்கை வீட்டிலேயே போட்டுடுங்க

இந்த எபிசோடுல எந்த ரைடு சூப்பர், எதுல தலை சுத்தும்னு பேசப் போறதில்லை. ரெண்டு ரைடுக்கு நடுவுல வர்ற பசியைப் பத்திப் பேசப் போறோம். குடும்பத்தோட தீம் பார்க் போனா நியாயமான செலவுல எல்லாரும் வயிறு நிறைய எப்படிச் சாப்பிடறது? சின்ன விஷயமாத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன மே மாசம் வரைக்கும்.

எங்க வீடு ஆதம்பாக்கத்துல. நம்ம பக்கத்துல இருந்து எங்கே போறதும் சுலபம். ஈ.சி.ஆர். பிடிச்சா வி.ஜி.பி., இன்னும் தள்ளிப் போனா முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டினா குயின்ஸ்லேண்ட், இப்போ திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்தாச்சு. நான் போன பார்க் எதுன்னு சொல்லப் போறதில்லை. நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியது.

அன்னைக்கு நடந்தது

அப்பா, அம்மா, அக்கா, அக்காவோட ஆறு வயசுப் பையன், நான். டிக்கெட் என் செலவு. அம்மா விடியற்காலை அஞ்சு மணிக்கே எழுந்து புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் பண்ணி கேரியர்ல அடுக்கிட்டாங்க. பார்க் வாசல்ல பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி அண்ணன், "வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டாங்கம்மா, கார்ல வெச்சிட்டு வந்துடுங்க"ன்னு தன்மையாத்தான் சொன்னார். அம்மா ஒண்ணும் சொல்லல. கேரியர் காருக்குப் போச்சு.

ஒன்றரை மணிக்குத்தான் ஃபுட் கோர்ட்டுக்கு வந்தோம். ஊரே அங்கேதான் இருந்தது. டோக்கன் வாங்க ஒரு வரிசை, தட்டு வாங்க இன்னொரு வரிசை. நாற்பது நிமிஷம் ஆகியும் சாப்பாடு கைக்கு வரல. திரும்பிப் பார்த்தா அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்வை, கை நடுங்குது. அவர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கறவர். காலையில மாத்திரை போட்டுட்டு ரெண்டே ரெண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினவர். அக்கா ஓடிப்போய் ஒரு ஜூஸ் வாங்கிட்டு வந்து குடிக்க வெச்சா. கால் மணி நேரத்துல அப்பா தெளிஞ்சிட்டார். ஆனா அந்தக் கால் மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கல.

பில் 1,900 ரூபாய். ஃப்ரைடு ரைஸ் அஞ்சு தட்டு, கூடவே காம்போல வந்த குளிர்பானம். பையன் நாலு வாய் சாப்பிட்டான். பாதி தட்டு குப்பைக்குப் போச்சு. காசும் போச்சு, பசியும் போகல, அப்பாவையும் பயப்பட வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரிதான் இதை ஒழுங்கா யோசிக்க ஆரம்பிச்சேன்.

உள்ளே ஏன் அந்த விலை?

பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு பொருளாதாரக் கணக்கு இருக்கு.

1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, உள்ளே நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் கட்டணம். கொஞ்ச நாளில் ரைடு கூப்பன்களைப் புத்தகமாகக் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். 1980-களின் தொடக்கம் வரை அந்தக் கூப்பன் முறை இருந்தது. 1971-ல் வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். நுழைவுக் கட்டணத்தை ஏற்றி ரைடை மலிவாகக் கொடுப்பதா, நுழைவை மலிவாக்கி ரைடில் சம்பாதிப்பதா? எதில் லாபம் அதிகம் என்பதுதான் அவருடைய கேள்வி. பொருளாதார மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற கட்டுரை அது.

நம்ம ஊர் பார்க்குக்கு இதைப் பொருத்திப் பாருங்க. பெரும்பாலும் ஒரே டிக்கெட். உள்ளே போனதும் அநேக ரைடுக்குத் தனியாகக் காசு கிடையாது. அப்போ உள்ளே ஒவ்வொன்றாக விலை போட்டு விற்க என்ன மிச்சம்? சாப்பாடு, தண்ணி, லாக்கர், ஃபோட்டோ. அதில் சாப்பாட்டை மட்டும்தான் வேண்டாம்னு தள்ள முடியாது. பக்கத்துக் கடைக்குப் போறேன்னும் சொல்ல முடியாது. அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்காக வெச்சிருக்கிற சமையலறையும் ஆட்களும் செவ்வாய்க்கிழமை சும்மா நின்றாலும் செலவு ஓடும்.

அதனால டிக்கெட் விலையை மட்டும் பார்த்து "இந்தப் பார்க் மலிவு"ன்னு முடிவு பண்ணாதீங்க. டிக்கெட், சாப்பாடு, தண்ணி, லாக்கர் நாலையும் கூட்டினால் வருவதுதான் உண்மையான விலை.

வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாமா?

பார்க்குக்கென்று தனியாக வந்த தீர்ப்பைச் சொல்லவில்லை. ஆனால் சினிமா தியேட்டர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3-ந் தேதி ஒரு தீர்ப்பு சொன்னது. தியேட்டர் தனியார் இடம், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். விசாரணையின்போது, யாராவது ஜிலேபி தின்றுவிட்டு சீட்டில் கையைத் துடைத்தால் என்ன செய்வது என்று தலைமை நீதிபதி வேடிக்கையாகக் கேட்டது செய்திகளில் வந்தது. அதே வழக்கில் இரண்டு விஷயங்கள் கவனிக்கப்பட்டன: குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் எடுத்துவரத் தடை இருக்கக் கூடாது. பார்க் வாசலில் பேசும்போதும் இந்த இரண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

உலகம் முழுக்க இப்படித்தான்னு நினைக்க வேண்டாம். அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போகலாம். கண்ணாடிப் பாத்திரம், மது மாதிரி சிலவற்றுக்குத்தான் தடை. ஷாங்காய் டிஸ்னியில் தடை இருந்தது. 2019-ல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி, நாற்பது யுவானுக்குக் கொஞ்சம் மேலான தன்னுடைய நொறுக்குத் தீனிக்காக வழக்குப் போட்டார். 50 யுவானுக்குச் சமரசம் ஆனது. அதே ஆண்டு பார்க்கும் விதியைத் தளர்த்தியது. கேட்கிறவங்க கேட்டால் விதி மாறும்.

பில்லில் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, எம்.ஆர்.பி. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல்கள் தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே பொருளோடு சேவையும் சேர்ந்தது என்பது காரணம். ஆனால் கவுன்ட்டரில் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிற கடைக்கும் அதே காரணம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே கூடுதலாகக் கேட்டால் பில் கேளுங்க.

இரண்டாவது, அளவு. 2018 ஜனவரி 1 முதல் ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது. அதனால் விலையோடு மில்லி அளவையும் பாருங்க. தோற்றம் ஒன்றாக இருக்கும், அளவு வேறாக இருக்கும்.

மூன்றாவது, சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. தனி, அதைக் கட்டித்தான் ஆகணும். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போ நாங்க செய்யறது

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன். நாலே கேள்வி: உள்ளே குடிதண்ணீர் குழாய் இருக்கா? குழந்தைக்கும் நோயாளிக்கும் உணவு அனுமதி உண்டா? வெளியே போய்ட்டு திரும்ப உள்ளே வரலாமா? சாப்பாட்டோட சேர்ந்த டிக்கெட் இருக்கா? கார் இல்லாம பஸ்ல, பைக்ல போறவங்க அஞ்சாவதா ஒண்ணு கேளுங்க: பை வைக்க இடம் இருக்கா, எவ்வளவு?

பஃபே டிக்கெட்டைக் கண்ணை மூடிட்டு எடுக்காதீங்க. நல்லா சாப்பிடற பெரியவங்களுக்கு அது லாபம். நாலு வாய் சாப்பிடற பையனுக்கும், அளவாச் சாப்பிட வேண்டிய அப்பாவுக்கும் முழு பஃபே விலை நஷ்டம். குழந்தைக்கு விலை வயசை வெச்சா, உயரத்தை வெச்சான்னும் கேட்டுக்கோங்க.

காலை டிபனை வீட்டிலேயோ தெருமுனை மெஸ்ஸிலேயோ கிளம்பறதுக்கு முன்னாடி முழுசா முடிச்சிடுங்க. இட்லி, தோசை, இடியாப்பம் சரி. நெய் மிதக்கற பொங்கலைச் சாப்பிட்டுட்டு சுத்தற ரைடுல ஏறினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு, இல்லேன்னா ரெண்டரைக்கு மேல. ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் ஃபுட் கோர்ட் பக்கமே போகாதீங்க. எல்லாரும் சாப்பிடப் போற அந்த நேரத்துல ரைடு வரிசை குறைய வாய்ப்பிருக்கு, அதைப் பயன்படுத்திக்கோங்க. வீட்டுல சர்க்கரை உள்ளவங்க இருந்தா பன்னிரண்டு மணிதான், பேச்சே இல்லை.

ஆளுக்கு ஒரு தட்டுன்னு ஆரம்பிக்காதீங்க. அஞ்சு பேருக்கு மூணு தட்டு முதல்ல. பத்தலேன்னா நாலாவது. சாம்பார் சாதம், சப்பாத்தி குருமா, மீல்ஸ் மாதிரி வயிறு நிறையறதை வாங்கிட்டு, காம்போ குளிர்பானத்தை விட்டுடுங்க. காலி ஸ்டீல் பாட்டில் ஒண்ணு எடுத்துப் போய்க் குழாய்ல பிடிச்சுக்கலாம்.

இன்னொண்ணு. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், நேரத்துக்குச் சாப்பிடலைன்னா சர்க்கரையை ரொம்ப இறக்கிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுல தடுமாற்றம் வந்தா உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன் அளவு, தண்ணியில கலந்தோ குளுக்கோஸாவோ கொடுக்கணும். பதினைந்து நிமிஷம் பார்த்துட்டு, சரியாகலேன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சதும் உணவு. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, நேரா முதலுதவிக்குப் போங்க. டாக்டர் சீட்டும் குளுக்கோஸ் பாக்கெட்டும் பையில இருந்தா வாசல்லயும் பேச்சு சுலபமா முடியும்.

ராத்திரிச் சாப்பாட்டை உள்ளே வாங்காதீங்க. ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். ரெண்டுலயும் வழி நெடுக ஹோட்டல் இருக்கு. கார்ல வைக்கறதுன்னா மிளகாய்ப்பொடி தடவின இட்லி, சப்பாத்தி, வாழைப்பழம், கடலை மிட்டாய். வெயில்ல நிக்கற காருக்குள்ள தயிரும் தேங்காயும் வேண்டாம்.

அது எனக்கு எப்படித் தெரியும்னா, அன்னைக்குச் சாயங்காலம் பார்க்கிங்ல கேரியரைத் திறந்தோம். தயிர்சாதம் புளிச்சுப் பொங்கியிருந்தது. அம்மா அதை மூடி ஓரமா வெச்சிட்டாங்க. புளியோதரை மட்டும் புளியும் நல்லெண்ணெயும் காப்பாத்தினதுல நல்லா இருந்தது. கார் டிக்கியைத் திறந்து வெச்சு, அஞ்சு பேரும் நின்னுக்கிட்டே சாப்பிட்டோம். 1,900 ரூபாய்க்கு நாலு வாய் சாப்பிட்ட பையன், அங்கே ரெண்டு தடவை கேட்டு வாங்கினான்.

டிசம்பர்ல மறுபடி போனோம். முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டோம். அப்பாவோட பிஸ்கட்டையும் குளுக்கோஸையும் சீட்டைப் பார்த்துட்டு விட்டாங்க. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்துட்டோம், மூணு தட்டு, அப்புறம் ஒண்ணு. பில் 860. தட்டுல எதுவும் மிச்சமில்லை. அப்பா சாப்பிட்டுட்டு, பேரனோட ரயில் ரைடுக்கு முதல் ஆளாப் போய் நின்னார்.

உங்க வீட்டுக் கணக்கு என்னன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. குறிப்பா, கார்ல எட்டு மணி நேரம் கெடாம இருக்கற சாப்பாடு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. அம்மா கேட்டுட்டே இருக்காங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.