ஆகாயத்தில் பறக்கும் டெலிபோன் கோபுரம்!

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் மழையில், அந்த மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நின்றது.

பாதை அடைபட்டால் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சும் அடைபட்டால்? செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கேபிள் வேண்டும். மண் சரிவில் இரண்டும் போய்விடலாம். சேர்வராயன் மலைக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், 108-க்கு எப்படிச் சொல்வது?

சீனாவில் ஒரு வழி செய்தார்கள். 2021 ஜூலையில் ஹெனான் மாகாணத்தில் பெருவெள்ளம். மிஹே என்ற ஊரில் போன்கள் ஊமையாகிவிட்டன. 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஒரு விமானம் வந்து ஊருக்கு மேலே வட்டமிட்டது. உள்ளே விமானி கிடையாது! இருந்தது ஒரு குட்டி செல்போன் நிலையம். கீழே பேசிய பேச்சை வாங்கி, செயற்கைக்கோள் வழியாக வெளியூருக்கு அனுப்பியது. 50 சதுர கிலோமீட்டர் பரப்பில் போன்கள் மணி அடித்தன.

ஆனால் 5 மணி நேரந்தான். பிறகு விமானம் திரும்பிவிட்டது.

அதற்கும் உபாயம் உண்டு. 2017-ல் மரியா புயல் அடித்த போர்ட்டோ ரிக்கோ தீவில், ஆளில்லாத சிறு ஹெலிகாப்டரைக் கம்பியில் கட்டி, 200 அடி உயரத்தில் நிறுத்தினார்கள். தரையில் இருந்து கம்பி வழியாகவே மின்சாரம்! ஏற்காட்டுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் பாதை சரிந்த பிறகு எப்படி மேலே கொண்டுபோவது? ஐப்பசி மழைக்கு முன்பே மலையில் ஏற்றி வைக்க வேண்டும், ஜெனரேட்டரோடு.