குழியும் ஒரு கிணறே

ராக்கி மலைத்தொடரில் உருகும் பனியை ஏந்திக்கொண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சமவெளியில் பாய்கிறது தெற்கு பிளாட் ஆறு. அதன் கரையோரங்களில் மணலும் சரளைக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. டென்வர் முதலிய நகரங்களின் சாலைகளும் கட்டடங்களும் இப்படிவுகளைக் கொண்டே எழுந்தன. ஆனால், அங்குச் சில மீட்டர் தோண்டினாலே நீர் ஊறிவிடும். ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இது வியப்பன்று. கரையின் நிலத்தடி நீரும் ஆற்று நீரும் தம்முள் தொடர்புடையவை.

சரளையை அள்ளிய பின் எஞ்சும் பள்ளம் ஏரிபோல் நிறைந்து நிற்கும். அதிலிருந்து எவரும் நீர் இறைப்பதில்லை. ஆயினும், மண்ணுக்கடியில் மறைந்திருந்த நீர் இப்போது வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்து கிடக்கிறது. அச்சமவெளியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீர் ஆவியாகிறது. குளம் பத்து எக்டேர் பரப்புடையதாயின் அது பத்துக் கோடி லிட்டர்!

அந்த நீர் யாருடையது? கொலராடோவின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பு, முதலில் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்னும் நெறியை ஏற்றது. ஆற்றோடு தொடர்புடைய கிணறுகளையும் 1969ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரிசைக்குள் கொண்டுவந்தது. வரிசையில் பின்னால் நிற்கும் கிணற்றுக்காரர் நீர் எடுக்க வேண்டுமாயின், மூத்த உரிமையாளருக்குக் குறையும் நீரை ஈடுசெய்ய வேண்டும். நிலத்தடி நீரை வெளிப்படுத்தும் சரளைக் குழியும் கிணறே என 1988இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால்வாயின் கடைமடையில் தன் முறைக்குக் காத்திருக்கும் உழவருக்கு, நீர் குழாய்வழிப் போனாலும் ஆவியாய்ப் போனாலும் இழப்பு இழப்புதானே!

ஈடுசெய்ய முதலில் அளவு தெரிய வேண்டும். ஆகவே, சுரங்கம் நடத்துவோர் மாதந்தோறும் நீர்க்கணக்கு எழுதுகின்றனர். ஆவியாதல் அதில் பெரும்பகுதி. நிலம் தோண்டப்படுவதற்கு முன் அங்கிருந்த இயற்கைச் செடிகொடிகள் உறிஞ்சிய நீரைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு சுரங்கத்தாருடையது. புழுதி அடங்கத் தெளிக்கும் நீர் கணக்கில் சேரும். லாரியில் ஏறும் ஈரச் சரளையோடு வெளியேறும் நீரும் சேரும். எடையில் நான்கு விழுக்காடு ஈரம் எனக் கொண்டால், ஆயிரம் டன் சரளை நாற்பதாயிரம் லிட்டரைச் சுமந்து செல்கிறது.

இக்கணக்கில் கடினமானது அளவன்று, காலமே. குழியில் இன்று குறைந்த நீர் ஆற்றில் இன்றே குறைவதில்லை. குழி ஆற்றுக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது, மண் எவ்வளவு எளிதில் நீரைக் கடத்துகிறது என்பவற்றைப் பொறுத்து, அக்குறை சில நாள்களிலோ பல மாதங்கள், ஆண்டுகள் கழித்தோ ஆற்றை எட்டும். இக்காலத் தாழ்வைக் கணிக்கப் பொறியாளர் ராபர்ட் குளோவரின் பெயரால் வழங்கும் முறை இன்றும் பயன்படுகிறது. அதனால்தான், பணி முடிந்து பொறிகள் வெளியேறிய பின்னும் ஈடுசெய்யும் கடமை தொடர்கிறது. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கொடுத்துத் தீர்ப்பதும் இயலாது. பயிர் வாடும் மாதத்தில் வராத நீர் பனிக்காலத்தில் வந்து என்ன பயன்?

ஈடு நீர் பல வழிகளில் கிடைக்கிறது. பாசனத்தை நிறுத்திய நிலத்தின் நீருரிமை வாங்கப்படுகிறது. மறுபயன்பாட்டுக்கு உரிய நகரக் கழிவுநீர், தூய்மை செய்யப்பட்ட பின் குத்தகைக்குப் பெறப்படுகிறது. இழப்பையே நிறுத்தும் வழியும் உண்டு. குழியைச் சுற்றி, அடிப்பாறையைத் தொடும்வரை பெண்டோனைட் களிமண் கலந்த சுவர் எழுப்பி, நிலத்தடி நீரோடு அதற்குள்ள தொடர்பைத் துண்டிக்கின்றனர். கசிவுச் சோதனையில் தேறிய குழி அதன்பின் கிணறாகக் கருதப்படுவதில்லை. தெற்கு பிளாட் கரையில் இத்தகைய குழிகள் பல இன்று நீர்த்தேக்கங்களாக உள்ளன. வெள்ளக் காலத்தில் அவற்றில் சேமிக்கும் நீர், மற்றக் குழிகளும் கிணறுகளும் ஆற்றுக்குத் தர வேண்டிய ஈடாகத் திறந்துவிடப்படுகிறது.