காட்சிவழி நிரல் வரைபடங்களில் பெயர்ச்சீட்டும் நிறமும்

முன்னுரை

எழுத்தால் அமையும் நிரலில் விளக்கக் குறிப்பு வரிகளுக்கிடையே இடம்பெறும். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து உருவாக்கும் காட்சிவழி நிரலில் அவ்விளக்கத்தைப் பெரிதும் தாங்குவன பெயர்ச்சீட்டும் நிறமும் ஆகும். இவ்விரண்டின் பணி வேறுபாட்டை நோட்-ரெட் மென்பொருளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நோட்-ரெட் தரும் வசதிகள்

ஐ.பி.எம். நிறுவனத்தில் 2013ஆம் ஆண்டு உருவான நோட்-ரெட் ஒரு கட்டற்ற மென்பொருள். இதில் கணு எனப்படும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு செயலைக் குறிக்கும். கணுவின் நிறத்தை அதன் வகையே தீர்மானிக்கிறது. 2020இல் சேர்க்கப்பட்ட குழு வசதியிலோ எல்லைக்கோடு, பின்னணி, பெயர் ஆகியவற்றின் நிறத்தையும் பெயர் அமையும் இடத்தையும் வரைபவரே தெரிவு செய்யலாம். குறிப்புக் கணு எக்கோட்டோடும் இணையாது. விளக்கத்தை மட்டும் தாங்கும். இவை நிரலோடு ஒரே கோப்பில் சேமிக்கப்படுவதால் விளக்கம் நிரலைவிட்டுப் பிரிவதில்லை.

சோழவந்தான் கொடிக்கால்: ஓர் எடுத்துக்காட்டு

2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையின் கொடிக்காலுக்குப் பாசன வரைபடம் ஒன்று அமைப்பதாகக் கொள்ளலாம். மண்ணின் ஈரத்தை அளக்கும் கணுக்கள் நீலக் குழுவிலும், வரம்பைச் சோதிப்பவை மஞ்சள் குழுவிலும், மோட்டாரை இயக்குபவை சாம்பல் குழுவிலும் அமையலாம். எது எவ்வகை என்பதை நிறம் ஒரே பார்வையில் உணர்த்தும். ஈரம் மிகும்போது மோட்டாரை நிறுத்தும் கணு எதற்காக என்பதை நிறம் உணர்த்தாது. வெற்றிலைக்கு அடிக்கடி நீர் வேண்டும். நீர் தேங்கினாலோ வேர் அழுகும். இக்காரணம் எழுதப்படாவிடில், பின்னர் வரைபடத்தைத் திருத்துபவர் அக்கணுவை மிகையெனக் கருதி நீக்கக்கூடும். அதன் இழப்பு உழவரைச் சேரும்.

உரைமரபும் பெயர்ச்சீட்டும்

காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு ஆகிய மூன்றையும், அவற்றோடு வினா விடைகளையும் நன்னூல் கூறுகிறது. இப்பாகுபாடு இங்கும் பொருந்தும். ‘ஈரத்தைச் சோதித்தல்’ என்னும் பெயர்ச்சீட்டு பதப்பொருள் அளவினது. கணுவைத் திறந்தாலே அது விளங்கும். ‘நீர் தேங்காமல் காத்தல்’ என்பது கருத்து. அதை அமைத்தவர் எழுதினாலன்றி அறிய இயலாது. வரம்பெண் எவ்வாறு பெறப்பட்டது என்னும் வினாவுக்குரிய விடை குறிப்புக் கணுவில் அமையத்தக்கது.

முடிவுரை

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உண்டு. கறுப்பு வெள்ளை அச்சிலும் நிற வேறுபாடு மறையும். ஆதலால் நிறத்தை மட்டும் நம்பி எப்பொருளையும் உணர்த்துதல் தகாது. நிறங்கள் சிலவாகவும், அடர்த்தியில் வேறுபட்டவையாகவும், அவற்றின் பொருள் வரைபடத்தின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். வகையைச் சுட்டுதல் நிறத்தின் பணி. காரணத்தைக் கூறுதல் பெயர்ச்சீட்டின் பணி.