வேண்டாம் என்று சொன்ன ரேகா

மேற்கு வங்காளத்தில் புருலியா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. வறட்சியான பகுதி. ஏழைகள் அதிகம். பல வீடுகளில் பீடி சுற்றினால்தான் அடுப்பு எரியும். சிறு பிள்ளைகளும் பீடி சுற்றினார்கள்.

அங்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள் ரேகா காலிந்தி. அவளும் பீடி சுற்றினாள். பிறகு குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளியில் சேர்ந்தாள். எழுதப் படிக்கக் கற்றாள். படிப்பு அவளுக்குப் பிடித்துப் போனது.

2008-ஆம் ஆண்டு. ரேகாவுக்கு 11 வயது இருக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். கல்யாணம் வேண்டாம், படிக்கிறேன் என்று ரேகா சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாள்? அவளுடைய அக்காவுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. நான்கு முறை கருவுற்றாள். ஒரு குழந்தையும் தங்கவில்லை. உடல் வளரும் முன்னே தாயானால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இதை ரேகா தன் வீட்டிலேயே பார்த்தாள்.

பட்ட கஷ்டம்

அம்மாவுக்குக் கோபம் வந்தது. ரேகாவுக்கு அடி விழுந்தது. சாப்பாடும் கிடைக்கவில்லை.

பெற்றவர்களுக்குப் பாசம் இல்லையா? இருக்கிறது. ஆனால் வறுமையும் இருக்கிறது. ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் ஒரு வயிறு குறையும். வயது கூடினால் வரதட்சணையும் கூடும். ஊர் நாலு விதமாகப் பேசும். இந்தப் பயம்தான் பெற்றவர்களை அவசரப்பட வைக்கிறது.

உரிமை கேட்பவருக்கு இதுதான் பெரிய கஷ்டம். எதிரே நிற்பவர் அந்நியர் அல்ல. சொந்தத் தாய், தகப்பன். அவர்களை வெறுக்கவும் முடியாது. அவர்கள் சொல்வதை ஏற்கவும் முடியாது.

ரேகா தோழிகளிடம் சொன்னாள். ஆசிரியரிடம் சொன்னாள். அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தொழிலாளர் துறை அதிகாரியும் வந்தார். பெற்றோரிடம் எடுத்துப் பேசினார்கள். கல்யாணம் நின்றது. ரேகா மீண்டும் பள்ளிக்குப் போனாள்.

கிடைத்த பலன்

அதே மாவட்டத்தில் அப்சானா காத்தூன், சுனிதா மஹாதோ என்ற சிறுமிகளும் கல்யாணத்தை மறுத்தார்கள். 2009-இல் மூவரும் அப்போதைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலைச் சந்தித்தார்கள். ரேகாவுக்குத் தேசிய வீரச் செயல் விருதும் கிடைத்தது.

விருதை விடப் பெரிய பலன் ஒன்று உண்டு. ரேகாவின் கதையைக் கேட்டுப் பல சிறுமிகளுக்குத் துணிவு வந்தது. ரேகா ஊர் ஊராகப் போய்ப் பேசினாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் வந்தது. பெண்ணுக்கு 18 வயது ஆக வேண்டும். ஆணுக்கு 21 வயது ஆக வேண்டும். அதற்கு முன் கல்யாணம் செய்து வைப்பது குற்றம். 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். செய்து வைப்பவர், நடத்துபவர், தடுக்காத பெற்றோர் எல்லோரும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவார்கள்.

நாடு மாறி வருகிறது. 2005-06-இல் அரசு ஒரு கணக்கு எடுத்தது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 100-க்கு 47 பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். 2019-21 கணக்கில் அது 23 ஆகக் குறைந்தது. ஆனாலும் 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கையா? யோசித்துப் பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் சிறுமிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா? முதலில் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். பெற்றோரிடம் பக்குவமாகப் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. இரவிலும் பேசலாம்.

ரேகா வேண்டாம் என்று சொன்னாள். அவள் பக்கம் நிற்க நாலு பேர் இருந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த நாலு பேராக நாம் இருப்போம்.

கூடிப் பேசுங்கள்

1. ரேகா ஏன் கல்யாணத்தை மறுத்தாள்?
2. பெற்றோர் ஏன் அவசரப்படுகிறார்கள்?
3. உங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகிறார்கள்? ஏன்?